ஒரு மடியில் இரண்டு கணினி!

எங்கள் ஊர் சங்கரன்கோவில். தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தோம். எங்கள் ஊர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆடித்தபசுத் திருவிழா வரும். விசைத்தறிச் சத்தம் வரும். இன்று நான் சொல்லப்போவது கம்ப்யூட்டர் கதை. ஆனாலும் கோவிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள் இருந்தார்களாம். "சிவன்தான் பெரியவர்" என்றான் ஒருவன். "இல்லை, திருமால்தான் பெரியவர்" என்றான் மற்றவன். சண்டை முற்றியது. கோமதி அம்மன் தவம் இருந்து வேண்டினாள். வலப்பாதி சிவனாகவும், இடப்பாதி திருமாலாகவும் ஒரே உருவில் இறைவன் காட்சி தந்தார். சண்டை ஓய்ந்தது. இதுதான் எங்கள் ஊர் சங்கரநாராயணர் கதை.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே மாதிரி ஒரு சண்டை உண்டு. "விண்டோஸ்தான் பெரிது!" "இல்லை, லினக்ஸ்தான் பெரிது!" இதற்கும் ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்துச் சமாதானம் செய்யலாம். எப்படி என்று பார்ப்போமா?

பக்கத்து வீட்டுக் கோரிக்கை

கடந்த கோடை விடுமுறையில் ஒரு நாள். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவள். அப்பா தறி ஓட்டுகிறார்.

"வாத்தியார் தாத்தா, இது அண்ணன் காலேஜ் படிக்கும்போது செகண்ட் ஹேண்டுல வாங்கினது. இதுல நான் புரோகிராம் எழுதப் படிக்கணும். லினக்ஸ் போட்டுத் தருவீங்களா?"

"இப்ப இதுல என்ன இருக்கு தாயி?"

"விண்டோஸ் 7 இருக்கு. அண்ணனோட கணக்கு சாஃப்ட்வேர் அதுலதான் ஓடும். அதை எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கான். அப்புறம்..." என்று தயங்கினாள். "எங்க ஆச்சி போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

அவளுடைய ஆச்சி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு காலமானவர். எனக்குக் கை நடுங்கியது. ஏன் தெரியுமா?

நான் செய்த தவறு

நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது கம்ப்யூட்டரைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. பிற்பாடு என் மாணவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு குழுப்படம் எடுப்பது என் வழக்கம். அப்படிச் சேர்த்த 22 படங்களையும் ஸ்கேன் செய்து என் லேப்டாப்பில் வைத்திருந்தேன்.

2013-ல் அதே லேப்டாப்பில் லினக்ஸ் போட ஆசைப்பட்டேன். நடுவில் அது ஒரு கேள்வி கேட்டது: "முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா?" அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு! பாதிதான் படித்தேன், 'சரி' என்று அழுத்திவிட்டேன். லினக்ஸ் அழகாக வந்தது. ஆனால் 22 ஆண்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். அச்சுப் படங்களையாவது பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தால், பாதியைக் கறையான் தின்றிருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எனவே சிறுமியிடம் சொன்னேன்: "தாயி, ஆச்சி படம் இருக்கிற டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். இன்னொரு டிஸ்க் போடுவோம்."

ஹார்டு டிஸ்க் என்பது என்ன?

ஹார்டு டிஸ்க்குக்குத் தமிழில் வன்தட்டு என்று பெயர். உள்ளே பளபளவென்று ஒரு தட்டு சுழலும். பல லேப்டாப்களின் டிஸ்க்கில் அது ஒரு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும்! அதன் மேல் ஒரு சின்னக் கை, தட்டைத் தொடாமலே மிக நெருக்கத்தில் நகர்ந்து, காந்தப் புள்ளிகளை எழுதும், படிக்கும். அதனால்தான் ஓடும் லேப்டாப்பைத் தொப்பென்று வைக்கக்கூடாது. இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே கிடையாது. எல்லாம் சில்லுகள்தான்.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. அதில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஆளுயரப் பீரோ அளவு! அதில் எவ்வளவு எழுத முடிந்தது தெரியுமா? 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஓரிரு புகைப்படங்களுக்கே அது சரியாகிவிடும்.

இரண்டு இயங்குதளம் எதற்கு?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில்லுகளை எல்லாம் வேலை வாங்கும் மேஸ்திரிதான் இயங்குதளம். விண்டோஸ் ஒரு மேஸ்திரி. லினக்ஸ் இன்னொரு மேஸ்திரி. பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் 1991-ல் லினக்ஸை எழுதத் தொடங்கினார். அதை யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

நம் நாட்டிலும் அதை வைத்து 'பாஸ்' என்ற இயங்குதளத்தைச் செய்திருக்கிறார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழிலும் பயன்படுத்தலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது அல்லவா? அப்படி வழங்கிய பல மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. உங்கள் அண்ணன், அக்கா வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள். திறந்ததும் "எதற்குள் போக வேண்டும்?" என்று ஒரு பட்டியல் வந்திருக்கும். இதற்குத்தான் 'டூயல் பூட்' என்று பெயர்.

எங்கள் ஊரிலிருந்து செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாடம் படிப்பதே லினக்ஸில்தான்!

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை அந்த நிறுவனம் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் பொதுவான ஆதரவு முடிந்தது. காவல் இல்லாத வீட்டின் கதவைத் திறந்து போடலாமா? பழைய விண்டோஸோடு இணையத்துக்குப் போவதும் அப்படித்தான். ஆனால் அதே லேப்டாப்பில் லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டால், அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பரண் மேல் கிடக்கும் எத்தனையோ லேப்டாப்களுக்கு இதனால் மறுவாழ்வு கிடைக்கும்.

எங்கே இடம் இருக்கிறது?

"தாத்தா, லேப்டாப்புக்குள்ள ஒரு டிஸ்க் வைக்கத்தான இடம் இருக்கு?" என்று கேட்டாள் சிறுமி. நல்ல கேள்வி!

அவளுடைய லேப்டாப்பின் பக்கவாட்டில் டி.வி.டி. போடும் தட்டு இருந்தது. இன்று டி.வி.டி.யை யார் போடுகிறார்கள்? அதைக் கழற்றினால் ஒரு டிஸ்க் அளவுக்கு இடம் கிடைக்கும். அந்த இடத்தில் டிஸ்க்கைத் தாங்க ஒரு சட்டம் விற்கிறார்கள். கடையில் 'கேடி' என்று கேட்க வேண்டும். திருட்டுக் கேடி அல்ல குட்டீஸ், இது நல்ல கேடி! அதில் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் உண்டு. அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

டி.வி.டி. இல்லாத புதிய லேப்டாப்களில், சூயிங்கம் பட்டை போன்ற எஸ்.எஸ்.டி. செருகுவதற்குச் சிலவற்றில் தனி இடம் இருக்கும். எதுவுமே இல்லையென்றால் யு.எஸ்.பி. டிஸ்க்கை வெளியில் செருகிக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். "சார், செத்துப்போன லேப்டாப்புலேருந்து எடுத்த டிஸ்க் ஒண்ணு இருக்கு. நல்லா சோதிச்சுட்டேன், பழுது இல்ல. எடுத்துக்கிடுங்க" என்று 320 ஜி.பி. டிஸ்க் ஒன்றையும் ஒரு கேடியையும் கொடுத்தார்.

வேலை தொடங்கியது

முதல் வேலை, ஆச்சி படங்களை ஒரு பென் டிரைவிலும், அவள் அண்ணனின் கம்ப்யூட்டரிலும் நகல் எடுத்தோம். 'ஒரே நகல் என்றால் நகலே இல்லை' என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு லேப்டாப்பை முழுவதுமாக அணைத்தோம். சார்ஜரைப் பிடுங்கினோம். பேட்டரியையும் கழற்றினோம். வீட்டு இரும்பு ஜன்னல் கம்பியை இரண்டு பேரும் ஒரு முறை தொட்டுக்கொண்டோம். ஏன்? நம் உடம்பில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கலாம். நமக்குத் தெரியாத அந்தச் சிறு பொறியே சில்லைக் கெடுத்துவிடும். உலோகத்தைத் தொட்டால் அது இறங்கிவிடும்.

அடிப்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூதான் டி.வி.டி. தட்டைப் பிடித்திருந்தது. அதைக் கழற்றியதும் தட்டு அலமாரி இழுப்பறை மாதிரி வெளியே வந்தது. டிஸ்க்கைக் கேடியில் வைத்து, பின்கள் சரியாகப் பொருந்தும்படி மெதுவாகத் தள்ளினோம். டி.வி.டி.யின் முகப்பு மூடியைக் கழற்றிக் கேடிக்கு மாட்டினோம். பழைய தட்டு இருந்த இடத்தில் கேடி கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்க மறக்காதீர்கள்!

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். விண்டோஸ் இருந்த பழைய டிஸ்க்கை வெளியே எடுத்துச் சிறுமியின் கையில் கொடுத்தேன். "எதுக்குத் தாத்தா?" என்றாள். "அது உன் கையிலேயே இருக்கட்டும் தாயி. பெட்டியில இல்லாத டிஸ்க்கை யாராலயும் அழிக்க முடியாது" என்றேன். அவள் அதை ஒரு துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகி லேப்டாப்பைத் திறந்தோம். சிறிது நேரத்தில் அதே பழைய கேள்வி வந்தது. "முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா?" 2013-க்குப் பிறகு அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். இந்த முறை முழுவதும் படித்தேன். டிஸ்க்கின் அளவு 320 ஜி.பி. என்று காட்டியது. அது கடைக்காரர் தந்த காலி டிஸ்க்தான். "அழுத்து தாயி" என்றேன். அழுத்தினாள்.

அரை மணி நேரத்தில் லினக்ஸ் தயார்!

எழுப்பி விடுவது யார்?

லேப்டாப்பை அணைத்து, பழைய டிஸ்க்கை அதன் இடத்தில் திரும்ப மாட்டினோம். இப்போது இரண்டு டிஸ்க், இரண்டு மேஸ்திரி. யார் முதலில் எழுவது?

பட்டனை அழுத்தியதும், மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன மென்பொருள் முதலில் கண் விழிக்கும். பழைய கம்ப்யூட்டர்களில் அதற்குப் பயாஸ் என்று பெயர். புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. அது டிஸ்க்குகளை வரிசையாகப் பார்க்கும். பயாஸாக இருந்தால் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அந்தக் குட்டி இடத்தில் 'பூட் லோடர்' என்ற எழுப்பி விடும் ஆளின் முதல் பகுதி இருக்கும். அந்த ஆள் இயங்குதளத்தை எழுப்புவார். பூட் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? காலணியிலிருந்துதான்! தன் பூட்ஸின் பட்டையைத் தானே பிடித்து இழுத்து எழுந்துகொள்வது என்ற ஆங்கிலப் பேச்சிலிருந்து வந்தது.

எங்கள் லேப்டாப்பில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதற்கென்று தனி பூட் லோடர் இருந்தது. திறக்கும்போது எஃப்12 விசையை அழுத்தினால் எந்த டிஸ்க் என்று கேட்கும். சில லேப்டாப்களில் எஃப்9, எஸ்கேப் என்று விசை மாறும். நாளை ஒரு டிஸ்க் கெட்டுப்போனாலும் மற்றது தானாக எழுந்துவிடும். இரண்டு டிஸ்க்கும் இருக்கும்போதே நிறுவியிருந்தால், லினக்ஸின் பூட் லோடர் தவறிப்போய் முதல் டிஸ்க்கில் உட்கார்ந்துவிடக்கூடும். பிறகு இரண்டாவது டிஸ்க்கை எடுத்தால் எதுவுமே எழாமல் திகைத்து நிற்போம்.

கடிகாரம் செய்த குறும்பு

லினக்ஸில் வைஃபையை இணைத்துக் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, காலை 11 மணிக்கு விண்டோஸுக்குப் போனோம். அங்கே மணி 5.30! "தாத்தா, லேப்டாப் கெட்டுப்போச்சா?" என்று பயந்துவிட்டாள்.

கெடவில்லை. லேப்டாப்புக்குள் ஒரு கடிகாரச் சில்லு உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸோ அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று நினைத்து அப்படியே காட்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட எவ்வளவு முன்னால்? ஐந்தரை மணி நேரம்! 11-லிருந்து ஐந்தரை போனால் 5.30. புவியியல் பாடம் லேப்டாப்புக்குள் வந்துவிட்டது, பார்த்தீர்களா? கடிகாரச் சில்லில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்குச் சொல்லிவிட்டோம். சரியாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. லினக்ஸ் 320 ஜி.பி. என்று சொன்ன அதே டிஸ்க்கை விண்டோஸ் 298 ஜி.பி. என்றது. 22 ஜி.பி.யை யார் திருடினார்கள்? யாரும் இல்லை! டிஸ்க் செய்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 107,37,41,824 பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. அதாவது 1,024 × 1,024 × 1,024. அரிசி அதேதான், படிதான் வேறு!

ஆச்சி வந்தார்

கடைசியாக லினக்ஸுக்குத் திரும்பினோம். விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள கோப்புகளை லினக்ஸால் படிக்க முடியும். சிறுமி அந்த டிஸ்க்கைத் திறந்தாள். ஆடித்தபசுக்கு எடுத்த படம் ஒன்று வந்தது. வெற்றிலை போட்ட வாயோடு ஆச்சி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் விண்டோஸிலும் அதே சிரிப்பு, லினக்ஸிலும் அதே சிரிப்பு!

சிறுமி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா, உங்க பழைய பிள்ளைங்க போட்டோ அவங்க வீட்லயும் இருக்கும்ல? நான் ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டு ஸ்கேன் பண்ணித் தரட்டா?" என்றாள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு இது தோன்றவே இல்லை! இதுவரை 9 படங்கள் திரும்பக் கிடைத்துவிட்டன. எல்லாவற்றையும் மூன்று இடங்களில் நகல் எடுத்து வைத்திருக்கிறாள்.

நீங்களும் செய்யலாம், ஆனால்...

1. லேப்டாப்பைத் திறக்கும் வேலையை விவரம் தெரிந்த பெரியவரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் திறக்கவே வேண்டாம்.

2. முதலில் நகல், பிறகுதான் வேலை. இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் இருக்கட்டும்.

3. பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கடைக்காரரிடம் காட்டுங்கள்.

4. சில பழைய மாடல்கள் டி.வி.டி. இடத்திலிருந்து எழுவதில்லை. கடைக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. புதிய விண்டோஸ் சில லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். அதன் மீட்பு எண்ணை முதலிலேயே நோட்டில் எழுதி வைக்க வேண்டும். விண்டோஸ் 8-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 'வேகத் தொடக்கம்' என்ற வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அணைத்த பிறகும் விண்டோஸ் அரைத்தூக்கத்திலேயே இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுதினால் கோப்புகள் கெடக்கூடும்.

6. திரையில் வரும் கேள்வியைக் கடைசி எழுத்து வரை படித்த பிறகே 'சரி' என்று அழுத்துங்கள். இது வாத்தியார் தாத்தா பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்!

விண்டோஸ் பெரிதா, லினக்ஸ் பெரிதா என்று யாராவது உங்களிடம் சண்டைக்கு வந்தால், எங்கள் ஊருக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள். சங்கரநாராயணரைக் காட்டி அனுப்பிவிடுகிறேன்.

போவதற்கு முன் ஒரு கணக்கு: கடையில் 500 ஜி.பி. என்று சொல்லி விற்கும் டிஸ்க்கை விண்டோஸ் எத்தனை ஜி.பி. என்று காட்டும்? 500-ஐ 1,000-ஆல் மூன்று முறை பெருக்கி, வந்ததை 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள். விடை 465-க்கும் 466-க்கும் நடுவில் வந்தால், சபாஷ், உங்கள் முதுகில் நீங்களே தட்டிக்கொள்ளலாம்!